மரத்தைக் கட்டிக்கொள்பவர்கள்

சூழலுக்காகக் குரல் கொடுப்பவர்களை ஆங்கிலத்தில் 'ட்ரீ ஹக்கர்' என்பார்கள்; மரத்தைக் கட்டிக்கொள்பவர். அதைப் பெருமையாக ஏற்றவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும், உலக நடப்பு தெரியாதவர் என்ற இளக்காரம்தான் அதில் ஒலிக்கும். 1730-இல் ராஜஸ்தானின் கேஜர்லியில், வெட்டப்படவிருந்த வன்னி மரங்களைக் கட்டிக்கொண்டு நின்ற அம்ரிதா தேவி உள்ளிட்ட 363 பிஷ்னோய் மக்கள் வெட்டுப்பட்டு மாண்டார்கள். 1974 மார்ச்சில், இமயத்து ரேணி கிராமத்தில் ஆண்கள் இல்லாத நாள் பார்த்து மரம் வெட்ட வந்தவர்களை கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். இளக்காரத்துக்கு இங்கே என்ன இடம்?

போடிநாயக்கனூரில் அந்த இளக்காரப் பேச்சு எடுபடாது. ஊரின் பிழைப்பே ஏலக்காய். விற்பது போடி ஏல மையத்தில். விளைவது போடிமெட்டு தாண்டி, ஏலமலைச் சரிவுகளில். விடிகாலையிலேயே தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். தோட்டத்துக்குள் செடிகள் ஆளை மறைக்கும். காயோ உச்சியில் இல்லை; தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் இருக்கிறது. பெண்கள் குனிந்து, சரத்தை விரலால் தடவி, முற்றிய காயை மட்டும் பறிக்கிறார்கள். பிஞ்சு அடுத்த எடுப்புக்கு. அண்ணாந்து பார்த்தால் பலாவும் மற்ற காட்டு மரங்களும். அவற்றைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடி.

ஏலச்செடி நேர்வெயில் தாங்காது. நிழல் மிஞ்சினாலோ காய்ப்பு குறையும். அதனால் மழைக்கு முன் மரமேறிக் கிளை கழிப்பார்கள். கழிப்பவரும் மரத்தைக் கட்டிப் பிடித்துத்தான் ஏறுகிறார், கையில் அரிவாளோடு. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை அது. மரத்தின்மேல் உருகி நிற்பதை நான் அணைப்பு என்று சொல்ல மாட்டேன். மரம் நம்மிடம் கேட்கும் இழப்பையும் சேர்த்து ஏற்பதுதான் அணைப்பு. கேஜர்லியில் அந்த இழப்பு உயிர். ஏலமலையில் சில கிலோ காய்.

அந்தச் சில கிலோவுக்காக நிழலைக் குறைத்துக்கொண்டே போன தோட்டங்களும் உண்டு. 2024 கோடை வறட்சியில், ஏலமலை இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் ஏலச்செடிகள் ஏராளமாகக் காய்ந்துபோயின. மழை பொய்த்ததும் வெக்கை கூடியதும் தோட்டக்காரர் கையில் இல்லை, நிழல் இருக்கிறது. அடுத்த முறை கிளை கழிக்க ஆள் விடும்போது, வெட்டத் தோன்றும் கடைசிக் கிளைகளை விட்டுவையுங்கள். காய் கொஞ்சம் குறையட்டும்.