பிரிவும் தெளிவும்



காளிதாசனின் சாகுந்தலம் நான்காம் அங்கத்தில், மகளை வழியனுப்பும் கண்வர் கலங்குகிறார்: வனத்துறவிக்கே இத்துயரெனில் இல்லறத்தார் படும் பாடு என்ன! மகள் சென்றபின், அடைக்கலப் பொருளை உரியவனிடம் சேர்ப்பித்தவர்போல் தெளிகிறார்.

பெரியாழ்வார் திருமொழி மூன்றாம் பத்து எட்டாம் திருமொழியிலும் ஒரு தாய் ஏங்குகிறாள். மகளைக் கொண்டுபோனவன் எம்பெருமானே, குறையொன்றுமில்லை. ஆயினும், மருமகளை யசோதை உவந்து ஏற்பாளோ என்று அவள் நெஞ்சம் தவிக்கிறது.

வலையபட்டியில், மகளை அயல்நாட்டிற்கு அனுப்பிவிட்டு வெறிச்சோடிய வளவில் நிற்கும் தாய், ‘பற்று நீங்கவில்லையே’ என்று தன்னை நொந்துகொள்ளவேண்டுமோ? வேண்டா என்பதே அடியோங்கள் துணிபு. களையத்தக்கது ‘என்னுடையவள்’ என்னும் எண்ணமே, கண்ணீரன்று. மகளும் அவனுடைமை, அழுதுகொண்டே அவனிடம் ஒப்படைப்போம்.