அளந்தபின் நம்புவோம்!

நம்பு என்பர் சிலர். எவரையும் நம்பாதே என்பர் வேறு சிலர். முன்னது பேதைமை; பின்னது நோய். இரண்டுக்கும் இடையே மனிதன் நடக்கத்தக்க வழியொன்று உண்டா? உண்டு என்று நமக்குக் கற்பித்தது ஏடன்று, மேடையன்று. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின்! நகைக்க வேண்டா, நண்பர்களே! நடந்ததைக் கேளுங்கள்.

1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்சும் கைகோத்து, என்பீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் கடல் கடந்து வந்த உறுப்புகளைப் பூட்டிய நம் தொழிலாளரின் கைகள், பின்னர் அந்த உறுப்புகளையே செய்யப் பழகின. பிறந்த ஊரில் புல்லட் மறைந்தது. புகுந்த ஊரிலே வாழ்ந்தது!

அந்த ஆலை 1960-களில் ஈன்ற புல்லட் ஒன்று, நம் தந்தையார் ஓட்டியது, கொட்டகையில் இருபதாண்டுகள் உறங்கிற்று. அதை எழுப்ப விரும்பினோம். வார்ப்பிரும்புச் சிலிண்டர், புதிதில் அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். ஓடி ஓடித் தேய்ந்த உட்சுவரைச் சற்றே கடைந்து அகலமாக்கி, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனை இடவேண்டும். போர் செய்வது என்பர் தொழிலாளர். பிஸ்டன்களோ சில படிகளாகவே பெருத்து வருகின்றன. கிழிந்த துணியைத் தைக்கலாம். உடைந்த சுவரை எழுப்பலாம். கடைந்தெடுத்த இரும்பை மீண்டும் ஒட்டவைப்பார் யார்? கடைசிப் படியும் கடந்துவிட்டால், உள்ளே புது உறை இறக்குவது ஒன்றே வழி. ஆகவே, ஒருவர் கையில் சிலிண்டரைக் கொடுப்பது, திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கொடுப்பதாகும்.

முதலில் நாடிய பட்டறையின் பெயர் இங்கு வேண்டா. "முப்பது வருட அனுபவம், சார்! நம்பி விட்டுப் போங்கள்" என்றார் உரிமையாளர். விட்டுப் போனோம். எந்த அளவுக்குக் கடைவீர் என்று கேட்டோமா? இல்லை. பிஸ்டனை முன்னரே வாங்கித் தந்தோமா? அதுவும் இல்லை. கடைந்த பிறகே பிஸ்டன் வந்தது, பூட்டினர், ஓடிற்று. கிண்டியைக் கடந்து தாம்பரத்தை நெருங்குகையில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சை அழுத்திப் பிழைத்தோம்.

பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டரோ இரும்பு. சூடேறும்போது, அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. விரிவதற்கென ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமனளவு இடைவெளி விடவேண்டும். விடப்படவில்லை!

வெகுண்டோம். பின்னர், வெகுளி தணிந்தபோது, நம்மையே கேட்டோம்: குற்றம் அவருடையது மட்டுந்தானா? சனிக்கிழமைக்குள் வேண்டுமென்று நெருக்கியவர் யார்? கூலியைக் குறைக்கப் பேரம் பேசியவர் யார்? கேட்க வேண்டிய கேள்வி ஒன்றைக்கூடக் கேட்காதவர் யார்? அந்நிலைக்கு நாம் இட்ட பெயர் நம்பிக்கை. அதன் உண்மைப் பெயர் சோம்பல்!

அடுத்து, புதுப்பேட்டைப் பக்கத்தில் சிறியதொரு பட்டறைக்குச் சென்றோம். இம்முறை ஐயத்தையே கவசமாக அணிந்து, கடைபவரின் தோளருகே காவலாளிபோல் நின்றோம். அவர் கருவியைக் கீழே வைத்தார். "ஐயா! என் கையைப் பார்த்து உங்களுக்கு என்ன தெரியும்? அளவைப் பாருங்கள்" என்றார்.

பிஸ்டன் வந்தபின்னரே கடைவேன் என்றார். வந்ததும், அதன் அடிப்பாகத்தில், பின்னுக்குக் குறுக்குவாட்டில், மைக்ரோமீட்டரால் அளந்தார். கடைந்தபின் சிலிண்டரை மேலும் நடுவும் கீழுமாக, ஒவ்வோரிடத்திலும் இரு திசைகளில் அளந்து, ஆறு எண்களைத் தாளில் எழுதினார். "நீங்களும் அளந்து பாருங்கள்" என்று கருவியை நம் கையிலே தந்தார். ஒளிப்பதற்கு ஏதுமில்லாதவன் செய்கை அது!

மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "ஒரு தவறு செய்துவிட்டேன். கடைசியில் உட்சுவரைத் தேய்த்து மெருகிட்டபோது, அடிப்பக்கம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்விட்டது. எல்லைக்குள்தான் இருக்கிறது, ஓடும். வேண்டாமென்றால், அடுத்த அளவுப் பிஸ்டனின் விலையை நான் ஏற்கிறேன்."

அந்த நூறில் ஒரு பங்கை நாம் என்றேனும் கண்டுபிடித்திருப்போமா? மாட்டோம். அவர் சொல்லாதிருந்தால் அவருக்கு இழப்பு உண்டா? இல்லை. எவரும் காணாத பிழையைத் தானே எடுத்துரைத்த அந்த நொடியில் நம் ஐயம் உதிர்ந்தது. "அப்படியே இருக்கட்டும், ஐயா" என்றோம்.

வள்ளுவர் இதற்கென்றே 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராயாது நம்புவதையும், ஆராய்ந்து நம்பியவரை ஐயுறுவதையும் ஒருசேரக் கண்டித்தார். இரண்டு பிழைகளையும் இரண்டு பட்டறைகளில் செய்து முடித்த பிறகே நமக்கு அது விளங்கிற்று!

நம்பத்தக்கவரை எவ்வாறு அறிவது? செய்யத் தகாததைச் செய்ய மறுப்பார். செய்ததை அளந்து காட்டுவார். தவறினால் தாமே சொல்வார். 'நம்பு' என்று கேளார். 'சோதித்துப் பார்' என்பார்.

ஆனால், நம்பிக்கை ஒருவழிப் பாதையன்று. அவர் நேர்மையாளராக இருக்க வேண்டுமென்று விழையும் நாம், நேர்மைக்கு வேண்டிய நேரத்தைத் தந்தோமா? உரிய கூலியைத் தந்தோமா? எண்ணெய்க் கறை படிந்த கையினரை 'வா, போ' என்று விளிக்கும் நாவு, அவரிடம் அறத்தை எதிர்பார்ப்பது எந்த நீதி? பிழையை ஒப்புக்கொள்பவர்மீது பாய்ந்து குதறுவோமாயின், அடுத்தமுறை அவர் ஒப்புக்கொள்வாரா? மறைக்கக் கற்றுக்கொள்வார், கற்பித்த ஆசான் நாமே!

வண்டி இன்று ஓடுகிறது. ஆறு எண்கள் எழுதிய அந்தத் தாள், வண்டியின் பதிவுச் சான்றோடு பத்திரமாக இருக்கிறது. ஐந்து எண்கள் ஒத்திருக்கின்றன. ஆறாவது எண்ணை அடித்து, மறுநாள் தம் கையாலேயே திருத்தி எழுதியிருக்கிறார். நாம் பெரிதும் நம்புவது அந்த ஆறாவது எண்ணைத்தான்!