பழைய கருவியும் பிறர் மடலும்

கருவியொன்று வழக்கொழிந்த பின்னரும் அதனைக் கைவிடாதிருத்தல் வெறும் பழமைப் பற்றா, அன்றி ஒரு விழுமியத்தின் வெளிப்பாடா என்னும் வினா எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. யூடோரா என்னும் மின்னஞ்சல் மென்பொருளை இன்றும் பழைய மக்கின்ரொஷ் கணனிகளிலும், அவற்றின் செயற்பாட்டைப் புதிய கணனியினுள்ளே போலச்செய்யும் மென்பொருள்களிலும் இயக்குவோர் உளர். அவர்தம் வழக்கத்தை ஆராயுமிடத்து இவ்வினா ஓர் ஒழுக்கவியற் பிரச்சினையாகவே உருப்பெறுவதைக் காணலாம்.

யூடோராவை 1988ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீவ் டோர்னர் என்பார் உருவாக்கினார். குடும்பத்தோடு பிணங்கித் தபாற் கந்தோரிற் குடியேறிய பெண்ணொருத்தியைப் பற்றி 1941இல் சிறுகதை வெளியிட்ட யூடோரா வெல்ற்றியின் பெயரையே அவர் அதற்கு இட்டார். 1991இல் அது குவால்கொம் நிறுவனத்தின் வசமாயிற்று; 2006இல் அந்நிறுவனம் அதன் விருத்தியை நிறுத்தியது. 2018இல் கலிபோர்னியாவிலுள்ள கணனி வரலாற்று அரும்பொருளகம் அதன் மூலநிரலை யாவரும் பெறுமாறு வெளியிட்டது.

அதனைப் பேணுவதற்குச் சொல்லத்தக்க நியாயங்கள் இரண்டு. முதலாவது உடைமை பற்றியது. யூடோரா மடல்களைச் சாதாரண எழுத்துக் கோப்புக்களாகப் பயனாளரின் கணனியிலேயே சேமித்தது. அவை இன்னொருவரின் களஞ்சியத்தில் இரவல் இடத்திலே தங்கவேண்டியதில்லை. மென்பொருள் மறைந்தாலும் வாசிப்புக்கு எஞ்சுவன. இரண்டாவது நிதானம் பற்றியது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, எழுதப்படும் மடலிற் கடுஞ்சொற்கள் காணப்படின் மிளகாய்ப் படங்களை இட்டு எச்சரித்தது; காரம் மிகின் மூன்று மிளகாய்கள். எச்சரித்த பின்னர் அனுப்புவதா, விடுவதா என்னும் தீர்ப்பை எழுதியவரிடமே அது விட்டது. இவ்வாறு பொறுப்பை மனிதனிடமே வைத்த கருவியை ஒருவர் விரும்புவதிற் பொருளுண்டு.

ஆயின் இவ்விரு நியாயங்களும் பயனாளரை மாத்திரமே கருதுவன. மடலோ இருவருக்குரியது. யூடோரா தோன்றிய காலத்தில் கடவுச்சொல்லும் மடலும் மறைகுறியாக்கமின்றியே வலையமைப்பிற் சென்றன. பழைய பதிப்புக்கள் இன்றைய சேவையகங்களின் பாதுகாப்பு நியமங்களுக்கு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே அவற்றை இயக்குவோர் இடையே ஒரு மென்பொருளை நிறுத்துவர். அது வெளியுலகோடு மறைகுறியாக்கத்துடனும், யூடோராவோடு அஃதின்றியும் பேசும். இவ்விடைநிலை மென்பொருள் பயனாளரின் கணனிக்குள்ளேயே இயங்கின் தீங்கு அரிது. அவ்வாறன்றி மடல்கள் வெளிவலையமைப்பில் மறைப்பின்றிச் செல்ல நேரின், இடருக்குள்ளாவோர் இருவர். நோயையோ கடனையோ குடும்பத் துயரையோ நம்பி எழுதியவர், தம் மடல் எக்கருவியில் வாசிக்கப்படும் என்பதை அறியார். அவர் தமிழில் எழுதியிருப்பின் வேறொரு குறையும் நேரும்: யூனிக்கோட் முறைமைக்கேற்ப யூடோரா அமையாமையால் அவர் சொற்கள் சிதைந்த குறிகளாகவே தோன்றும்.

எந்த மின்னஞ்சலும் முற்றாகப் பாதுகாப்பானதன்று, புதிய சேவைகளும் பிறர் மடல்களைத் தம்மிடமே வைத்திருக்கின்றன எனச் சிலர் வாதிடலாம். அது மெய்யே. எனினும் எழுதுபவர் பொதுவாக அறிந்து ஏற்கும் இடர் வேறு. அவர் அறியாமலே அவர்மேற் சுமத்தப்படும் இடர் வேறு. பின்னையதற்கு அவரது சம்மதத்தை ஊகித்துக்கொள்ளல் நேர்மையாகாது.

எனவே தமது பழைய மடல்களை முன்னைய தோற்றத்திலேயே மீண்டும் காணும்பொருட்டு யூடோராவை இயக்குதல் தகும். அதனாற் பிறருக்கு ஊறில்லை. புதிய மடல்களையும் அதன்வழியே பெற விழைவோர், எழுதியவரின் நம்பிக்கைக்கு வேண்டிய காவலை முதலிற் செய்தல் கடன். அக்காவலைச் செய்ய இயலாதவிடத்து, எத்துணை விருப்பமாயினும் பழைய கருவியைப் பழைய மடல்களோடு நிறுத்திக்கொள்வதே முறையாகும்.