கண்காணாக் கசிவும் தொழிலறமும்

அறம் பற்றி ஆராய்வோர் போர், கொலை, களவு, துரோகம் முதலிய பெருஞ் சம்பவங்களையே உதாரணமாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் சாதாரண மனிதனின் வாழ்நாளில் அத்தகைய சம்பவங்கள் நேர்வது அரிது. அவனது அறநிலை தொழிற்களத்திலே, பிறர் கண்ணிற் படாத சிறு கருமங்களிலேயே பெரும்பாலும் சோதிக்கப்படுகிறது. அத்தகைய கருமமொன்றை இங்கு எடுத்து நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலமொன்றிலே, கோடை காலத்தில், பிக்கப் வண்டியொன்றின் குளிரூட்டும் பொறியில் உயர் அமுக்கக் குழாய் கசியத் தொடங்குகிறது. அதைச் செப்பமாக மாற்றுவதா? அன்றேல், இழந்த வாயுவை மீண்டும் நிரப்பிக் காலங்கடத்துவதா? அற்பமாகத் தோன்றும் இவ்வினாவினுள்ளே நம் காலத்தின் மிகப் பெரிய அறப்பிரச்சினையொன்று அடங்கியுள்ளது.

முதலிற் பொறியின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். இயந்திரத்தினாற் சுழற்றப்படும் கொம்பிறசர் குளிர்வாயுவை அமுக்கிச் சூடாக்குகிறது. அச்சூடான வாயு வண்டியின் முன்புறத்தே உள்ள ஒடுக்கியை அடைந்து, தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர் ஒடுங்கிய துவாரமொன்றினூடாகப் பாய்ந்து, அமுக்கம் தணிந்து, ஆவியாகி, உள்ளே இருப்போருக்குக் குளிர்ச்சி தருகிறது. கொம்பிறசரிலிருந்து ஒடுக்கிக்குச் செல்லும் குழாய் சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலும் அதற்கு மேற்பட்டதுமான அமுக்கத்தைத் தாங்க வேண்டும். கொம்பிறசர் இயந்திரத்தோடு சேர்ந்து அதிர்கிறது. ஒடுக்கியோ வண்டியின் முகப்போடு பிணைந்து நிற்கிறது. இவ்விரண்டுக்குமிடையே வளைந்துகொடுக்கும் றப்பர்க் குழாய், அலுமினிய முனையோடு நெருக்கிப் பிணைக்கப்பட்ட இடத்திலே காலப்போக்கிற் தளர்கிறது. வாயுவோடு சேர்ந்தோடும் எண்ணெய் அங்கே கசிந்து, தூசி படிந்து, கறுத்த கறையாகத் தெரியும். வாயுவோ கண்ணுக்குத் தெரிவதில்லை.

செப்பமாக மாற்றும் தொழிலாளி செய்வன யாவை? எஞ்சியுள்ள வாயுவை அதற்குரிய பொறியினால் உறிஞ்சிச் சேமிக்கிறான். பின்னரே குழாயைக் கழற்றுகிறான். திறந்த முனைகளை ஈரமும் தூசியும் புகாதவாறு உடனே மூடுகிறான். புதிய குழாய்க்குப் புதிய றப்பர் வளையங்களை எண்ணெய் பூசிப் பொருத்துகிறான். ஈரம் உறிஞ்சும் உலர்த்தியையும் மாற்றுகிறான். அதன்பின் பம்பியினால் உட்காற்று முழுவதையும் அகற்றி, அரைமணி நேரமோ அதற்கு மேலோ வெற்றிடத்தைப் பேணுகிறான். பம்பியை நிறுத்திய பின் அளவுமானியின் முள் அசைகிறதா என்று பொறுமையோடு பார்க்கிறான். அசையாதாயின், தயாரிப்பாளர் குறித்த எடையளவு வாயுவை நிரப்புகிறான். மற்றைய வழி மிக எளிது. கடையிற் சிறு பேணியொன்றை வாங்கி வாயுவைச் செலுத்திவிட்டாற் போதும், குளிர் திரும்பிவிடும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அது மீண்டும் போய்விடும். மீண்டும் ஒரு பேணி வாங்கலாம்.

காற்றிற் கலந்த அவ்வாயு என்னாகிறது? அதன் வரலாறு படிப்பினை நிறைந்தது. 1930 இல் தோமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர், தாம் ஆக்கிய குளிர்வாயுவைச் சபை நடுவே சுவாசித்து, அதனை ஊதி மெழுகுவர்த்தியொன்றை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீயும் பற்றாது என்பது நிரூபணமாயிற்று. அன்று எவரும் ஐயுறவில்லை. 1974 இல் மொலினா, றோலண்ட் என்னும் இருவர், இத்தகைய வாயுக்கள் மேல்வளியை அடைந்து ஓசோன் படையைச் சிதைக்கும் என எச்சரித்தனர். 1985 இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே அப்படை பெரிதும் மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. பழைய வாயுவுக்குப் பதிலாக 134ஏ என்னும் வாயு மோட்டார் வண்டிகளுக்கு வந்தது. அது ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயின் பூமியைச் சூடாக்குகிறது. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ 134ஏ, காபனீரொட்சைட்டு 1,430 கிலோவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என 2007 இல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டனர். வண்டியொன்றில் 750 கிராம் வாயு இருப்பின், அது முழுவதும் வெளியேறுவது ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டை வெளிவிடுவதற்கு ஒப்பாகும். 460 லீற்றர் பெற்றோலை எரித்தாலே அத்துணை அளவு உண்டாகும். குழாயைக் கழற்றும் சில வினாடிகளில் இத்தனையும் சத்தமின்றி நடந்துவிடலாம்.

பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலிற் கிளாக்கன் ஒரு கதை கூறுகிறான். அணிந்தவனை மறைக்கும் மோதிரமொன்று இடையனொருவனுக்குக் கிடைக்கிறது. தன்னை எவரும் காணமாட்டார் என்றறிந்ததும் அவன் அரசனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றுகிறான். காண்பாரில்லையெனில் நீதிமானாக இருப்பவன் யார் என்பது கிளாக்கனின் வினா. நமது வண்டிக் கொட்டிலிலே அவ்வினா மேலும் கடினமாகிறது. இங்கே செய்பவனைக் காண்பாரில்லை, செயலும் புலப்படுவதில்லை, பாதிக்கப்படுவோனும் முகமற்றவன். கோடையில் வயலிற் சுருண்டு விழும் கூலியாளும், கடலெழுச்சியால் நிலமிழக்கும் கரையோரவாசியும் இக்குழாயைக் கண்டதேயில்லை. தங்களுக்குத் தீங்கிழைத்தவன் இன்னான் என்று அவர்களாற் சுட்டவும் இயலாது.

"ஒரு வண்டியின் வாயு உலகை என்ன செய்துவிடும்?" எனச் சிலர் கேட்பர். இவ்வாதத்தை ஒவ்வொருவனும் தனக்கெனச் சொல்லிக்கொள்ளலாம். அனைவரும் சொல்லிக்கொண்டால் உலகம் சூடாகிவிடும். எனவே ஒருவனுக்கு மாத்திரம் செல்லுபடியாகும் வாதமாக அதை ஏற்க முடியாது. அற்பமான பங்கும் பங்குதான். ஒருவன் ஊர்க்கிணற்றிற் கலக்கும் அழுக்கு ஒரு துளியெனினும், பிறர் கலந்த துளிகளோடு சேர்ந்தே அது நீரைக் கெடுக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது என வினவுவோம். அமெரிக்காவிற் பழைய வாயுக்களை வேண்டுமென்றே வெளியேற்றுவது 1992 முதல் தடைசெய்யப்பட்டது. 134ஏ போன்ற மாற்று வாயுக்களுக்கு 1995 இல் அத்தடை விரிந்தது. கூலிக்கு இவ்வேலை செய்வோர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருத்தலும், அங்கீகரிக்கப்பட்ட பொறிகளை உபயோகித்தலும் கட்டாயம். ஆயின், கசியும் வண்டிக்கு மீண்டும் வாயு நிரப்புவதைச் சமஷ்டி அரசாங்கத்தின் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே கையினால் ஒரே வேளையில் வெளிவிடுவது குற்றம். கசியுமென்று தெரிந்தே நிரப்பிச் சில மாதங்களில் வெளிவிடுவது குற்றமன்று! விளைவு ஒன்றாயிருக்கையில் காலத்தின் நீட்சி ஒன்றே குற்றத்தைக் கரைத்துவிடுமா? சட்டம் மௌனமாகும் இடத்திலே மனச்சாட்சியின் வேலை தொடங்குகிறது.

எனினும், இவ்விடத்தில் நின்று தொழிலாளிக்கும் வண்டிக்காரனுக்கும் உபதேசம் செய்துவிட்டுப் போவது நேர்மையாகாது. பிக்கப் வண்டி தச்சனுடையதாகவோ, கூரை வேய்பவனுடையதாகவோ இருக்கலாம். அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரிலே 2023 கோடையில் 31 நாட்கள் தொடர்ச்சியாக வெப்பம் 43 பாகை சென்ரிகிரேட்டைத் தாண்டிற்று. அந்நகரில் நாள் முழுதும் கூரைமீது உழைத்து இறங்குபவனுக்கு வண்டியின் குளிர் ஆடம்பரமன்று. பேணியின் விலை சில டொலர். செப்பமான திருத்தத்துக்கோ நூற்றுக்கணக்கில் வேண்டும். வாயுவை உறிஞ்சும் பொறியின் விலை ஆயிரக்கணக்கு. சிறு கராஜ்காரனுக்கு அது பெருஞ்சுமை. புதிய வண்டிகளில் இடப்படும், வெப்பமூட்டல் மிகக் குறைந்த வாயுவை ஆக்கி அதன் காப்புரிமைகளைப் பெற்றவை இரு பெரு நிறுவனங்களே; அதன் விலை பழைய வாயுவினதைவிடப் பன்மடங்கு. எளிதிற் தளரும் இணைப்பை வடிவமைத்தவனும், விலையை நிர்ணயித்தவனும் கொட்டிலுக்கு வருவதில்லை. கையிற் கறைபடிந்தவனே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான்.

ஆகவே இருவகைத் தவறுகளை நாம் விலக்க வேண்டும். ஒன்று, சமுதாய அமைப்பின் குற்றத்தை முழுவதும் தனிமனிதனின் தலையிற் சுமத்துவது. மற்றொன்று, அமைப்பைக் காரணங்காட்டித் தனிமனிதனை முற்றாக விடுவிப்பது. பொறுப்பு வலிமைக்கேற்ப அமைய வேண்டும். திருத்தும் வசதியிருந்தும் பேணியால் ஒப்பேற்றுபவன் தவறிழைக்கிறான். பொறியிருந்தும் நேரத்தை மிச்சம் பிடிக்க வாயுவைத் திறந்துவிடும் தொழிலாளியும் அவ்வாறே. வசதியற்றவனின் தவறிலோ, அவனை அந்நிலையில் வைத்திருக்கும் சமுதாயம் பெரும் பங்காளி. அவனுக்கும் சிறு வழியொன்று உண்டு: கராஜொன்றிலே வாயுவை உறிஞ்சுவித்து, குழாயைத் தன் கையாலேயே மாற்றி, மீண்டும் அங்கு சென்று நிரப்புவித்தாற் கூலியிற் கணிசமான பகுதி மிஞ்சும்.

நாடுகளுக்கிடையிலும் இதே பிரச்சினை எழுந்ததென்பதை நினைவுகூர்தல் தகும். ஓசோனைச் சிதைத்த வாயுக்களிற் பெரும்பங்கைச் செல்வ நாடுகளே வெளியிட்டிருந்தன. அவற்றைக் கைவிடும் செலவை வறிய நாடுகளும் தாமே ஏற்க வேண்டுமென்பது நீதியன்று என்ற குரல் எழுந்தது. 1990 இல் இலண்டனிற் கூடிய நாடுகள், செல்வ நாடுகளின் பணத்தால் வறிய நாடுகளுக்கு உதவும் பொதுநிதியொன்றை நிறுவ உடன்பட்டன. இலங்கை 1989 இலேயே உடன்படிக்கையிற் சேர்ந்திருந்தது. பின்னர் உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்தன. ஓசோன் படை அந்தாட்டிக்காவிலும் 2066 அளவில் 1980 ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என 2022 இல் விஞ்ஞானிகள் கணித்தனர். 134ஏ போன்ற வாயுக்களைக் குறைக்க 2016 இற் கிகாலி நகரில் உடன்பாடு ஏற்பட்டது. செலவைப் பகிர்ந்தமையாலேயே கடமையைப் பகிர்தல் சாத்தியமாயிற்று. நாடுகளுக்குப் பொருந்திய நீதி, கராஜ்காரனுக்கும் கூரை வேய்பவனுக்கும் ஏன் பொருந்தலாகாது? உறிஞ்சும் பொறிக்கு உதவிநிதி, தயாரிப்பாளன் தலையிற் கசிவுக்கான பொறுப்பு, வறியவனின் வண்டிக்கு மலிவான திருத்தம் ஆகியவற்றைக் கோருவதும் அறத்தின் பாற்பட்டதே.

ஆயினும், எத்துணை உடன்படிக்கைகள் எழுதப்பட்டாலும் அவை இறுதியிற் செயலாவது ஒரு தொழிலாளியின் கையிலேயே. அளவுமானியின் முள்ளைப் பார்த்துக் காத்திருக்கும் அந்த அரைமணி நேரத்தை எந்தப் பரிசோதகரும் வந்து அளப்பதில்லை. அதைக் குறைத்தாலும் வண்டி அன்று குளிர்ந்தே செல்லும். வாடிக்கையாளன் நன்றி கூறியே போவான். அந்த அரைமணியை முழுமையாகக் கொடுப்பவன், தான் ஒருபோதும் காணப்போகாத மனிதனுக்கு அதைக் கொடுக்கிறான். அத்தகைய கைகள் பெருகவேண்டுமாயின், அவ்வரைமணிக்குரிய கூலியை அவனுக்குக் கொடுக்கக் கூடிய சமுதாயத்தை ஆக்குவது நம் எல்லோரதும் கடமையாகும்.