கடன் முடியும் முன்னே முடியும் பொறுப்பு

வாரண்டி முடிந்த காரில் பழுது வரும்போது, சரிசெய்யக் கேட்கிற பணத்தைவிட முதலில் நம்மை உறுத்துவது ஒரு நியாயக் கேள்வி. வண்டியை வடிவமைத்தது நாமில்லை. அதற்குள் என்ன பொருள் போட்டார்கள் என்பதும் தெரியாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பின் அதன் எல்லாக் குறைக்கும் முழுப் பொறுப்பாளி நாம்தான். அந்தத் தேதியை முடிவு செய்ததும் விற்றவர்தான்.

சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இது செலவு. வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு இது வாழ்க்கை. கார் கடன் இப்போது ஏழு ஆண்டுவரை நீள்கிறது. வாரண்டியோ பெரும்பாலும் மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அது. நாளுக்கு 200 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று ஓட்டினால் இருபதே மாதத்தில் ஒரு லட்சம் கடந்துவிடும். மீதி ஐந்து ஆண்டுக்கு மேல், மாதத் தவணையும் கட்டி, வண்டிக்கு வருவதையும் தானே தாங்க வேண்டும். கிளட்ச் போனால் வருமானம் நிற்கிறது, தவணை நிற்பதில்லை. கடன் கொடுப்பவர் வண்டி ஏழு ஆண்டு உழைக்கும் என்று கணக்குப் போடுகிறார். அந்த நம்பிக்கையில் பாதியைக்கூடத் தயாரித்தவர் எழுத்தில் தருவதில்லை.

பழுதுகளில் மிகக் கொடியது விட்டுவிட்டு வருவது. கிராங்க் சென்சார் சூடேறியதும் சிக்னல் அறுந்து, ஓடுகிற இன்ஜின் நடுரோட்டில் நின்றுவிடும். அரைமணி ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்காததுபோல் கிளம்பும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், ‘ஓட்டிப் பார்த்தோம் சார், ஒன்றும் இல்லை’ என்பார்கள். வாரண்டிக் காலம் முழுதும் ஒன்றும் இல்லாமல் இருந்த கோளாறு, அது முடிந்த பிறகுதான் பெயரும் விலையும் பெறும்.

பெயர் வந்தாலும் காரணம் வந்துவிடாது. ஸ்கேனரை மாட்டினால் ஒரு குறியீடு வரும். இன்ஜின் சரியாக எரியவில்லை என்று அது சொல்லும்; ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷன் குறைவா என்று சொல்லாது. அதைப் பிரித்தறிவதுதான் மெக்கானிக்கின் அறிவு. அறிவுக்கு நேரம் வேண்டும், வயரிங் வரைபடம் வேண்டும், அந்த மாடலுக்குரிய மென்பொருள் வேண்டும். இவை இல்லாத இடத்தில் ‘இதை மாத்திப் பார்ப்போம்’ என்பதே வைத்தியமாகிறது. நன்றாக இருந்த பாகத்தைக் கழற்றியதற்கும் வண்டிக்காரரே பணம் தருகிறார்.

இந்த அறிவைக் கட்டிவைத்திருப்பது யார் என்பது நம் நாட்டில் விசாரிக்கப்பட்ட விஷயம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. ஒரிஜினல் ஸ்பேர்களும் பழுதறியும் கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காதபடி செய்தார்கள், உரிமையாளரைத் தங்களிடமே வர வைத்தார்கள் என்பது அதன் முடிவு. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. அதற்குள் அந்த ஆண்டு வாங்கிய வண்டிகள் பல கை மாறிவிட்டன.

பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வந்திருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு அரசு உத்தரவிடலாம். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. ஆனால் அந்தச் சட்டத்தின் அக்கறை உயிருக்கும் சுற்றுச்சூழலுக்கும் நேரும் கேட்டைப் பற்றியது. ஆளைக் கொல்லாமல் அவர் சேமிப்பை மட்டும் கரைக்கும் கியர்பாக்ஸ் அந்த வலையில் சிக்காது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய இணையத் தளத்தில் வாகனத் துறையும் உண்டு. தளம் தகவல் தரும். பழுதுபார்க்கும் கையேட்டைத் தர மறுப்பவரை அது கட்டாயப்படுத்தாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்குப் போட்டே இந்த உரிமையை வென்றார்கள்: டீலருக்குத் தரும் பழுதறியும் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் விலைக்குத் தந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அப்படியொரு சட்டம் இல்லாத இடத்தை இங்கே நிரப்பியிருப்பவர்கள் தெருமுனை மெக்கானிக்குகளும் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைக்காரர்களும்தான். உதாரணத்துக்கு, செவர்லே கார்கள் 2017இன் முடிவோடு இந்தியச் சந்தையை விட்டுப் போயின. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது; மறைமலை நகரில் கடைசிக் கார் அடுத்த ஆண்டு வெளிவந்தது. சர்வீஸ் தொடரும் என்று இரு நிறுவனங்களும் சொன்னன. ஆனால் டீலர் கடையைக் காலிசெய்த சிற்றூரில் அந்த வண்டிகளை ஓட வைப்பவர் யார்? கையேடு இல்லாமல், கேட்டும் பிரித்தும் பார்த்தும் கற்றுக்கொண்டவர். அவர் கைநேர்த்தியைப் பாராட்டுவது நல்லது. அதைவிட முக்கியம், அவருக்குச் சேரவேண்டிய தகவலைச் சேரவிடுவது. வரைபடம் இல்லாமல் அவர் செய்யும் தவறுக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம்.

இருக்கிற சட்டத்திலேயே கைக்கு எட்டும் ஆயுதம் ஒன்று உண்டு. வாரண்டி நடப்பில் இருக்கும்போது சொல்லும் ஒவ்வொரு குறையையும் ஜாப் கார்டில் எழுத வைத்து நகல் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சுக்குத் தேதி கிடையாது. காலத்துக்குள் தொடங்கித் தீராமல் நீடித்த கோளாறு என்பதை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சொல்ல அந்தத் தாள்கள்தான் சாட்சி. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வண்டி ஓட்டுகிறவரையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. டாக்ஸி ஓட்டுநர்களில் எத்தனையோ பேருக்கு இது சொல்லப்படவே இல்லை.

எந்த இயந்திரமும் தேயும். தேய்மானத்துக்கு உரிமையாளர் செலவு செய்வது நியாயம். பிறவிக் குறையைத் தேய்மானம் என்று பெயர் மாற்றி அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டும் அறிவு இன்று தயாரித்தவரிடம் மட்டும் இருக்கிறது. தகராறில் அவரே எதிர்த்தரப்பும்கூட. வாரண்டியை இன்னும் ஓராண்டு நீட்டிக் கேட்பதைக் காட்டிலும், வண்டியின் வரைபடமும் பழுதறியும் மென்பொருளும் நியாய விலையில் ஸ்பேரும் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்கச் சட்டம் கேட்பதே அவசரம். விலை முழுதும் கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்த விலையிலேயே அடங்கியது. அதற்குக் காலாவதி தேதி இருக்கக் கூடாது.