இன்றைக்குப் படம் இல்லை

அசாம் ஜாவாவைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. மலாயில் அந்தப் பெயருக்குப் புளி என்று பொருள். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்க்க, செக்கிஞ்சான் நெல்வயலைப் பார்க்க எங்களைக் கடந்து போவார்கள். இந்த ஊரில்தான் தினமும் ஒரு படம் வீதம் ஒரு வருடம் எடுப்பது என்று முடிவு செய்தேன். செம்பனை, செம்பனை, குலை ஏற்றிய லாரி, மறுபடியும் செம்பனை. இருபது நாளில் ஊர் தீர்ந்துபோனது.

தீர்ந்த பிறகுதான் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. செம்பனைக் காட்டுக்குள் நடுப்பகலிலும் வெளிச்சம் தரைக்கு முழுசாக வராது. ஓலை இடுக்கில் துண்டு துண்டாக விழும். காலை ஏழு மணிக்கும் ஏழே காலுக்கும் ஒரே மண்சாலை இரண்டு நிறத்தில் இருக்கும். இதெல்லாம் நான் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவை. தினமும் ஒன்று எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். அதனால் எண்ணிக்கையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை.

இந்த ஆசைக்கு விதை போட்டவர் ஜேமி லிவிங்ஸ்டன். நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1979 மார்ச் 31 அன்று, பார்ட் கல்லூரி மாணவராக இருந்தபோது, போலராய்ட் கேமராவில் நாளுக்கு ஒரு படம் என்று தொடங்கினார். பதினெட்டு ஆண்டுகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். 1997 அக்டோபர் 25, தன் 41-வது பிறந்தநாளில், புற்றுநோயால் இறக்கும்வரை அந்த வரிசை போனது. சாப்பாட்டுத் தட்டு, நண்பர்கள், வெறும் சுவர், பிறகு மருத்துவமனை. தனித்தனியாகப் பார்த்தால் பல படங்கள் சாதாரணம்தான். வரிசையாகப் பார்க்கும்போது ஒரு மனிதனின் முழு வாழ்க்கை கண்முன் கடந்துபோகிறது. எனக்கும் அப்படி ஒரு வரிசை வேண்டும் என்று தோன்றியது.

எட்டாவது மாதத்தில் ஒரு நாள், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பாட்டி தவறிவிட்டார். ரப்பர் காலத்தில் பால்மரம் வெட்டியவர். இரவு பதினொன்றரைக்குத்தான் போக முடிந்தது. அன்றைக்கு நான் இன்னும் படம் எடுக்கவில்லை. வாசலில், வந்தவர்களின் செருப்புகளுக்கு நடுவே, பாட்டியின் தேய்ந்த ரப்பர் செருப்பு தனியாகக் கிடந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் குனிந்து எடுத்தேன். பன்னிரண்டுக்குள் பதிவேற்றியும்விட்டேன். அதுவரை நான் எடுத்ததிலேயே அதிகம் பாராட்டப்பட்ட படம் அதுதான்.

காரியம் முடிந்த பிறகு பாட்டியின் மகள் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. “தம்பி, அதையா எடுத்தீங்க? அது அம்மா கக்கூசுக்குப் போட்டுக்கிற செருப்புலா. கோயிலுக்குப் போட்டுப் போற நல்ல செருப்பு உள்ள இருந்துச்சு. கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனே” என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றதுதான் இன்னும் குத்துகிறது. அந்த இரவில் எனக்குப் பாட்டி தேவைப்படவில்லை. ஒரு படம் தேவைப்பட்டது. பழைய அஞ்சலட்டைகளில் ரப்பர் மரத்தடியில் நம்மவர்களை நிறுத்திப் படமெடுத்து, கீழே பெயர் போடாமல் ‘தமிழ்க் கூலிகள்’ என்று அச்சடித்தார்களே, அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. நான் செய்தது அதிலிருந்து எவ்வளவு தூரம்?

தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டு நடக்கும். வரிசையில் நிற்க வேண்டும், பெயர் கூப்பிடுவார்கள், செக்ரோலில் குறிப்பார்கள். கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்குக் கூலியும் இல்லை. இப்படி எண்ணப்பட்டு வாழ்ந்தவர்களின் பேரன் நான். யாரும் கேட்காமலே எனக்கு நானே ஒரு செக்ரோல் போட்டுக்கொண்டேன். அதில் ஒரு கட்டம் காலியாகிவிடக் கூடாதென்று ஒரு சாவு வீட்டு வாசலில் குனிந்தேன்.

தைவானில் பிறந்த தெச்சிங் ஷே என்ற கலைஞர் 1980 ஏப்ரல் 11 முதல் ஒரு வருடம், நியூயார்க்கில், மணிக்கு ஒருமுறை தொழிற்சாலை நேரப்பதிவு இயந்திரத்தில் அட்டையைக் குத்தினார். ஒவ்வொரு முறையும் தன்னை ஒரு பிரேம் படமெடுத்தார். அப்போது அவர் ஆவணமில்லாத குடியேறி. மொத்தம் 8,760 மணி நேரம். அதில் 133 தவறிவிட்டது. தூங்கிப்போனது 94, தாமதம் 29, முந்திக் குத்தியது 10 என்று அவரே கணக்கெழுதி, அதையும் படைப்போடு சேர்த்து வைத்தார். அந்த 133-ஐ அவர் பொய்யால் நிரப்பவில்லை. அந்த வருடத்துக்கான விலையும் முழுக்க அவர் உடம்பிலிருந்தே போனது. என் வரிசைக்கு ஒரு நாள் விலை வேறொருவர் வீட்டிலிருந்து போனது.

அப்படியானால் சாவு வீட்டில் கேமராவே கூடாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மதுரையைச் சேர்ந்த ம. பழனி குமார், மலக்குழியில் இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறார். 2017-ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். அந்தச் சாவுகளை ஊர் பார்க்கவே மறுக்கிறது. பார்க்க வைக்க வேண்டிய தேவை அந்தக் குடும்பங்களுக்கே இருக்கிறது. மீன் விற்கும் தன் அம்மாவையும் அவர் தொடர்ந்து எடுத்திருக்கிறார். திரும்பத் திரும்பப் போகிற ஒருவருக்கு யாருடைய செருப்பு எது என்று தெரிந்திருக்கும். அன்றிரவு எனக்கு அது தெரியவில்லை.

நாள் விடலாம் என்று ஆரம்பித்தால் சோம்பேறித்தனம் அதையே சாக்காக்கிக்கொள்ளாதா என்று நண்பர் கேட்டார். நியாயமான பயம். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். களைப்பு, மழை, ‘இங்கே எடுக்க என்ன இருக்கு’ என்ற அலுப்பு, எதற்காகவும் நாளை விடக் கூடாது. அவை என் பிரச்சினை. படத்தின் விலையை இன்னொருவர் கொடுக்க வேண்டி வந்தால் மட்டும் விட வேண்டும். விட்ட நாளைப் பழைய படத்தால் நிரப்பக் கூடாது. தேதி போட்டு, காலியாகவே வைக்க வேண்டும்.

கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் போகும்போது பிளாஷ் அடிக்கக் கூடாது என்பார்கள். பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும். பிளாஷ் அடித்தால் அந்த மினுக்கம் கலையும். படத்திலும் வெறும் இலைதான் விழும். சின்ன வயதில் அப்பா என் கையிலிருந்த போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று நினைவில்லை. பார்த்தது நினைவிருக்கிறது.

செருப்புப் படத்தை நீக்கிவிட்டேன். அந்தத் தேதி இப்போது காலியாக இருக்கிறது. போன வாரம் பாட்டியின் மகள் அந்த நல்ல செருப்பை எடுத்து வந்து வாசற்படியில் வைத்தார். துடைத்து, பட்டையைச் சரிசெய்து, “இப்ப எடுங்க” என்றார். எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை, கொஞ்சம் ஆடியும்விட்டது. அவரிடம் கொடுக்க ஒரு பிரதி போட்டு வைத்திருக்கிறேன்.