மாக்கிர் வீடு



சாமுவேல் இரண்டாம் நூல் 9ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நாம் தாவீதைத்தான் பார்க்கிறோம். யோனத்தானின் மகன் மெபிபொசேத்தைத் தேடி அழைத்துத் தன் பந்தியில் உட்காரவைத்த அரசர் அவர். என் மனதில் நிற்பவரோ மாக்கிர். யோனத்தான் போரில் இறந்த செய்தி வந்தபோது செவிலித்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஐந்து வயது மெபிபொசேத்து விழுந்து இரண்டு காலும் முடமானார். பிறகு அரசர் ஆளனுப்பியபோது அவர் இருந்தது லோதபாரில், மாக்கிர் வீட்டில்தான். மாக்கிர் அவருக்கு உறவு என்று திருவிவிலியம் எங்கும் சொல்லவில்லை. இருந்தும் தன் வீட்டில் இடம் கொடுத்தார்.

நம் மொனராகலைத் தோட்டங்களில், விடியுமுன் பால் வெட்டப் போகும் தாய் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். மகனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பேச்சு நாலைந்து சொல்தான். ஆனால் பால் வாளிகளைக் கொடுத்தால் கழுவி, பெரியது கீழே, சின்னது மேலே என்று பிசகாமல் அடுக்கிவைப்பார். தாய் திரும்பி வரும்வரை காம்பிராவுக்கு வெளியே பூட்டு. குறை சொல்லாதீர்கள், அவளுக்கு வேறு வழியில்லை. நான் கண்ணை மூடினால் இவனை யார் பார்ப்பார் என்ற ஒரே கேள்வியோடுதான் அவள் படுக்கிறாள். நாமோ, தூரத்தில் ஏதாவது இல்லம் இருக்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அப்படி நகர்ந்துவிடாத ஊர் ஒன்று உண்டு, பெல்ஜியத்தில் கீல். புனித டிம்ப்னாவின் திருத்தலத்துக்கு மனநோயாளிகளையும் அறிவு வளர்ச்சி குன்றியவர்களையும் அழைத்து வந்தார்கள். கோயிலில் இடம் போதாமல் ஊரார் தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். 700 ஆண்டுகளாக அந்த வழக்கம் நடக்கிறது. 1930களில் 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். சும்மா இரக்கத்தால் மட்டும் அது நிலைக்கவில்லை. வீட்டாருக்குக் கொடுப்பனவு உண்டு, வைத்தியரும் தாதியரும் பின்னால் உண்டு. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை சொல்கிறது. 2016இல் நம் நாடும் அந்தச் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது.

லயத்துக் காம்பிராவில் நமக்கே இடமில்லை, சாமி, என்பீர்கள். உண்மைதான். அதனால் நாளைக்கே இப்படி ஒருவரைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மத்தியானம் அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். அவருக்கு எது பிடிக்கும், எதற்குப் பயம் என்று பழகிக்கொள்ளுங்கள். வர விருப்பமா என்று அவரிடமே கேளுங்கள். தலையசைப்பும் பதில்தான். தாய் உயிரோடு இருக்கும்போதே அவர் இன்னொரு வீட்டுக்குப் பழகட்டும்.

ஏற்கும் வீட்டைத் தனியே விடக்கூடாது. மாதர் சங்கத்திலிருந்து இருவர் வாரந்தோறும் போய் அவரைப் பார்த்துவர வேண்டும். அவர் நலமாக நடத்தப்படுகிறாரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரதேச செயலகத்தில் கிடைக்கும் கொடுப்பனவு அவர் பெயரில், அவர் செலவுக்கே போகவேண்டும். அரிசி குறைந்தால் அந்தப் பொறுப்பு பங்குக்குரியது.

விருப்பமுள்ள குடும்பங்கள் பூசை முடிந்ததும் பங்குமனைக்கு வாருங்கள். இப்படிப்பட்ட தாய்மாரையும் அழைத்திருக்கிறேன், பிள்ளைகளோடு வருவார்கள்.